அறவேரியில் பார்க்க வேண்டிய இடங்கள்

மாதுங்கா, பம்பாய்
14-6-1981

அன்புள்ள அக்காவுக்கு அனந்தநாதன் எழுதுவது. நானும் சந்திரகலாவும் பிள்ளைகளும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே மழை பிடித்துக்கொண்டது. துணி காய்வதில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

ஒரு காரியமாக எழுதுகிறேன். வரும் ஜனவரியில் எங்கள் சங்கத்தின் சார்பில் ஒரு யாத்திரை போகிறோம். பம்பாயில் இருக்கும் தமிழ் ஜைனக் குடும்பங்கள், ஒரு பஸ் நிறைய. பாதிப் பேர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். வட ஆர்க்காட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. திருவண்ணாமலையில் தங்கி, சுற்றிலும் உள்ள நம் கோயில்களையும் நல்ல காட்சிகளையும் பார்ப்பதாகத் திட்டம். நம் ஊர் அறவேரியைச் சேர்க்கச் சொன்னவன் நான்தான். அவ்வளவு பெரிய ஏரியையும் குன்றையும் வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்க முடியுமா?

யாத்திரையை ஒட்டி ஒரு மலர் அச்சடிக்கிறோம். அதற்கு 'அறவேரியில் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று நீ ஒரு கட்டுரை தர வேண்டும். சரித்திரம் படித்தவள், கல்லூரியில் அதையே சொல்லிக்கொடுப்பவள். உன்னை விட்டால் யார்? ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. கடிதம் கடிதமாக எழுது, நான் தொகுத்துக்கொள்கிறேன். ஏரிக்கு எத்தனை மதகு, குன்றுக்கு எத்தனை படி, குடிதண்ணீர் உண்டா, பஸ் நிற்க இடம் உண்டா, எல்லாம் வேண்டும். மாணவிகளுக்கு நோட்ஸ் கொடுப்பது போல் இல்லாமல் கொஞ்சம் ரசமாக எழுது.

மற்றபடி அங்கே எல்லோரும் நலம் என்று நம்பும் உன் தம்பி,
அனந்தன்

* * *

செங்கம் ரோடு, திருவண்ணாமலை
28-6-1981

அன்புள்ள அனந்தனுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிறது, அதனால் வலியும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு மழைச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரசமாக எழுத எனக்கு வராது. உள்ளதை எழுதுகிறேன், ரசத்தை நீ சேர்த்துக்கொள்.

அறவேரி என்பது கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும்தான் ஏரி. சித்திரையில் மாடு மேயும் தரை. உன் ஆட்கள் ஜனவரியில் வருவது நல்லது. மழை பெய்திருந்தால் கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிவதைப் பார்க்கலாம். நீர்க்காகமும் கொக்கும் வந்திருக்கும். பெய்யாவிட்டால் வெடித்த சேற்றைப் பார்க்கலாம். இதையும் மலரில் எழுது, இல்லாவிட்டால் என்னைத் திட்டுவார்கள்.

ஏரியின் வடகோடியில் பெரிய மதகு. அதன் கல்லில் எழுத்து இருக்கிறது. மதகு நிற்காமல் உடைந்துகொண்டே இருந்ததால் ஒரு கன்னிப்பெண்ணைப் பலி கொடுத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். நீயும் சின்ன வயதில் கேட்டிருப்பாய். நான் அந்த எழுத்தைப் படித்திருக்கிறேன். அதில் பெண்ணும் இல்லை, பலியும் இல்லை. ஏரியைத் தூர் வார ஒரு வணிகர் சில ஆடுகளைக் கொடுத்த செய்திதான் இருக்கிறது. ஆடு கொடுத்த கதை யாருக்கும் பிடிப்பதில்லை.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் சாத்தனூர் அணைக்கும் போகலாம். பூங்காவும் முதலைகளும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு முதலைதான் சரித்திரத்தைவிடப் பிடிக்கும். குன்றைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். படிகளை நான் எண்ணியதில்லை.

நீ பஸ்ஸையும் படியையும் குடிதண்ணீரையும் விசாரித்திருக்கிறாய். அந்த ஊரில் நம் வீடு ஒன்று இருக்கிறது, அதில் ஒருவரும் இருக்கிறார். கேட்டால் எழுதுகிறேன்.

அன்புடன்,
குணமதி

* * *

அருகன் துணை

அறவேரி
20-7-1981

குணமதிக்கு அப்பா ஜினதாசன் ஆசி கூறி எழுதுவது. நீ போன வாரம் வாங்கிக் கொடுத்த மருந்து இருக்கிறது. இனி வாங்க வேண்டாம்.

வேலூர் டாக்டர் சொன்னதை நீயும் பக்கத்தில் இருந்து கேட்டாய். உணவுக்குழாயில் வளர்ந்திருப்பதை என் வயதில் அறுக்க முடியாது. வயிற்றில் குழாய் வைத்துச் சில மாதம் ஓட்டலாம் என்றார். எனக்கு அது வேண்டாம். சல்லேகனை நோன்பு இருப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். உணவை ஒவ்வொன்றாகக் குறைத்து, அமைதியாக உடம்பை விடுவது. நம் முன்னோர் செய்ததுதான். பக்கத்து ஊரில் மழைக்காலத்துக்குத் தங்கியிருக்கும் முனிவரிடம் அனுமதி கேட்டேன். அவர் உடனே கொடுக்கவில்லை. 'யார் மீதாவது கோபம் பாக்கி இருக்கிறதா? யாருக்காவது உன் மீது பாக்கி இருக்கிறதா? எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, கொடுத்து, பிறகு வா' என்றார்.

தெருவில் ஒவ்வொரு வீடாகப் போனேன். வாய்க்கால் தகராறில் பதினொரு வருஷமாகப் பேசாத சக்கரபாணி வீட்டுக்கும் போனேன். "எதுக்குங்க நயினாரே இதெல்லாம், வாய்க்கால்ல இப்ப தண்ணியே கெடயாது" என்று சிரித்துவிட்டார். முடிந்தது. மிச்சம் அனந்தனும் அந்தப் பெண்ணும்தான். ஆவணியில் நம் பத்து நாள் பண்டிகை முடிந்து எல்லோருக்கும் மன்னிப்புக் கடிதம் போடும் நாளில் அவனுக்கும் ஒன்று போடுவேன். பதில் வந்தால் முனிவர் கடைசி நோன்புக்குச் சம்மதிப்பார்; அதுவரை சோற்றையும் பாலையும் விட்டு மோரோடு நிற்கச் சொல்லியிருக்கிறார்.

அவனுக்கு நீ இதை எழுதக் கூடாது. தெரிந்தால் டாக்டரோடும் போலீசோடும் வருவான். நான் கோபத்தோடு சாக வேண்டி வரும். ஆனால் நீ பொய் சொல்ல வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. 'அப்பா எப்படி இருக்கிறார்' என்று அவன் வாயால் கேட்டால் உள்ளதைச் சொல். கேட்காவிட்டால் சொல்லாதே.

உன் நலமே நாடும்,
ஜினதாசன்

* * *

திருவண்ணாமலை
27-7-1981

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பசித்துக் கிடந்தால் வினை தீரும் என்பதை வகுப்பில் 'அக்காலத்தவர் நம்பிக்கை' என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறவள் நான். டாக்டர் சொன்ன சில மாதங்களை எதற்காகச் சுருக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. குழாய் வழியாக வாழ்வதா என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். அதனால் தடுக்க மாட்டேன்.

ஆனால் அனந்தன் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். செங்கம் பக்கத்தில், நம் சமயம் அல்லாத ஒரு குடியானவர் வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியவனிடம், "வெளக்கு வச்சாச்சு. இனிமே இந்த வீட்ல அடுப்பு எரியாது" என்றீர்கள். பொழுது சாய்ந்தபின் நாம் சாப்பிடுவதில்லை என்பது நிஜம். ஆனால் நெல் ஏற்ற வந்த வண்டிக்காரருக்கு அம்மா எத்தனை இரவு சோறு வடித்திருக்கிறாள் என்பதும் நிஜம். உங்கள் மகனுக்கு மறந்திருக்காது. அந்தப் பெண்ணுக்கும்.

நீங்கள் கேட்டபடி செய்கிறேன். அவன் கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் சொல்ல மாட்டேன். அவனைக் கேட்க வைக்க என்னால் ஆனதைச் செய்வேன். அதை நீங்கள் தடுக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் வருகிறேன். பகலில் சமையலுக்கு வரும் பச்சையம்மாளை ராத்திரியும் அங்கேயே தங்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள்,
குணமதி

* * *

பம்பாய்
16-8-1981

அன்புள்ள அக்காவுக்கு அனந்தன் எழுதுவது. இங்கே யாவரும் சுகம். பதில் தாமதமானதற்குக் கம்பெனி வேலைதான் காரணம்.

உன் மதகுப் பகுதியைச் சங்கக் கூட்டத்தில் படித்தேன். ஆடு கொடுத்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கன்னிப்பெண் கதையை மட்டும் 'என்று கூறுவர்' என்று போட்டுச் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஜனங்களுக்குக் கதை வேண்டும்.

அடுத்து பள்ளிக்குன்றைப் பற்றி எழுது. குகையில் முனிவர்கள் படுத்து உண்ணாமல் உயிர் விட்ட கல் படுக்கைகள் இருக்கின்றனவே, அதை விரிவாக எழுது. அவர்கள் எதை முதலில் விடுவார்கள், எப்படிப் படிப்படியாகக் குறைப்பார்கள், கடைசியில் எப்படி இருப்பார்கள், எல்லாம் வர வேண்டும். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இது ஒன்றும் தெரியாது. மலரில் இதுதான் முக்கியப் பகுதி என்று நினைக்கிறேன்.

திருவண்ணாமலையில் ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதிகளில் ஐம்பது பேருக்கு இடம் கிடைக்குமா என்றும் விசாரி. நம் ஆட்களுக்கு இருட்டுவதற்குள் சாப்பாடு ஆக வேண்டும், அதையும் சொல்லி வை.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

அனந்தன்

* * *

திருவண்ணாமலை
30-8-1981

அன்புள்ள அனந்தனுக்கு,

விடுதியில் விசாரித்தேன். ஜனவரியில் இடம் கிடைக்கும். வெள்ளைக்காரர்களே இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிட்டுத் தியானத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள், சிரமம் இல்லை என்கிறார் விடுதிக்காரர்.

பள்ளிக்குன்று ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. பாதிக்கு மேல் படி கிடையாது, வழுக்குப் பாறை. உச்சிக்குச் சற்றுக் கீழே தாழ்வான குகை. தரையைச் செதுக்கிப் படுக்கைகள் வெட்டியிருக்கிறார்கள். தலைமாட்டில் கல்லை மேடாக விட்டிருப்பதுதான் தலையணை. ஊரார் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். நம் பக்கத்தில் பாண்டவர் படுக்காத குன்றே கிடையாது. அங்கிருந்து பார்த்தால் ஏரி முழுக்கத் தெரியும். சாகப் போகிறவர்கள் நல்ல இடமாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

நீ கேட்ட முறை இதுதான். முதலில் சோறு, களி, தானியம் எல்லாவற்றையும் விடுவார்கள். பிறகு பால். பிறகு மோர் மட்டும். கடைசியாக ஆறவைத்த வெந்நீர். பிறகு அதுவும் இல்லை. பசி சில நாளில் அடங்கிவிடுமாம். பார்த்துக்கொண்டு இருப்பவர்களுக்குத்தான் அடங்காது. இடுப்பில் வேட்டி நிற்காமல் நழுவும். ஒரு கயிற்றால் கட்டிவிட வேண்டும். பாயில் படுத்தால் எலும்பு உறுத்தும், ஆனாலும் மெத்தை வேண்டாம் என்பார்கள். குரல் இறங்கிவிடும், பக்கத்தில் காதை வைத்துக் கேட்க வேண்டும். பேசுவதோ சின்னச் சின்ன விஷயங்கள். கொல்லையில் முருங்கைக்குப் பூச்சி வந்திருக்கிறதா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்களா என்பது போல. கூட இருக்கும் பெண், "ஒரு வாய் கஞ்சி குடிங்க, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்பாள். சிரிப்பார்கள். கல்வெட்டுகளில் இதெல்லாம் இருக்காது.

குன்றுக்கு மழைக்கு முன்னால் ஏறுவதுதான் நல்லது. யாத்திரை ஜனவரியில் இருக்கட்டும். நீ மட்டும் முன்கூட்டியே ஒரு முறை வந்து இடங்களைப் பார்த்துவிட்டுப் போனால் என்ன? செப்டம்பரில் வா. வேறு ஏதாவது கேட்க விட்டுப்போயிருந்தால் உடனே எழுது.

அன்புடன்,
குணமதி

* * *

பம்பாய்
20-9-1981

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமே இருக்க வேண்டுகிறேன்.

குன்றுப் பகுதி பிரமாதம். உனக்கா ரசமாக எழுத வராது? சங்கத்தில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேரில் பார்த்தது போல் இருக்கிறது, அதிலும் அந்த வேட்டி நழுவும் விவரம். எந்தப் புத்தகத்தில் படித்தாய்? பெயரை எழுது, அடிக்குறிப்பாகப் போட்டுவிடலாம்.

செப்டம்பரில் வர முடியாது. பிள்ளைகளுக்குப் பரீட்சை, எனக்கும் லீவு இல்லை. ஜனவரியில் பஸ்ஸோடு வருகிறேன். அப்போதும் நான் அறவேரியில் வண்டியைவிட்டு இறங்குவேனா என்பது வேறு விஷயம்.

ஒரு செய்தி. பண்டிகை முடிந்ததும் எல்லோருக்கும் போடுவது போல் எனக்கும் அப்பாவிடமிருந்து ஒரு கார்டு வந்திருக்கிறது. 'அறிந்தும் அறியாமலும் செய்த பிழை பொறுக்க' என்று ஒரே வரி. இத்தனை வருஷம் இல்லாமல் இந்த வருஷம் ஜாபிதாவில் என் பெயரும் ஏறிவிட்டது போலிருக்கிறது. இந்த வாரம் மட்டும் எனக்கு இப்படி எழுபது எண்பது கார்டு வந்தது. சங்கத்தில் இதற்கென்று அச்சடித்த அட்டை வைத்திருக்கிறோம். எல்லோருக்கும் அனுப்புவது போல் அங்கேயும் ஒன்று அனுப்பிவிடச் சொல்லிச் சந்திரகலாவிடம் கொடுத்துவிட்டேன்.

அவள் உன் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். உன்னிடம் ஏதோ கேட்கச் சொன்னாள். எழுத உட்காரும்போது மறந்துவிட்டது. அடுத்த கடிதத்தில் கேட்கிறேன்.

அனந்தன்

* * *

அருகன் துணை

அறவேரி
29-9-1981

குணமதிக்கு ஆசி. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீ சனிக்கிழமை வரும்வரை காத்திருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பம்பாயிலிருந்து அட்டை வந்துவிட்டது. தங்க நிறத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அடியில் பேனாவால் ஒரு வரி: 'மாமா, நாங்கள் அன்றைக்கே மறந்துவிட்டோம். சந்திரகலா.'

அனந்தன் கையைப் பிடித்து அ, ஆ எழுத வைத்தவன் நான். இது அவன் எழுத்து இல்லை, அவன் இதைப் பார்த்திருக்கவும் மாட்டான். அது எனக்குத் தெரியும். ஆனால் அன்று பசியோடு நின்றவர்களில் எனக்கு உறவு இல்லாதவள் அவள். பாக்கி அவளுக்குத்தான் ஜாஸ்தி. அவள் தீர்த்துவிட்டாள். முனிவரிடம் சொல்லி அனுப்பினேன். சரி என்றார்.

நாளை முதல் மோரும் வேண்டாம் என்று பச்சையம்மாளிடம் சொல்லிவிட்டேன். அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரவில்லை. நீ வந்து பேசு.

ஏரிக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை. மேற்கே மின்னுகிறது.

ஜினதாசன்

* * *

திருவண்ணாமலை
1-10-1981

அனந்தனுக்கு,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். சுகம் விசாரிக்க நேரம் இல்லை.

வேட்டி விவரத்தை எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று கேட்டிருக்கிறாய். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் படிக்கவில்லை. பார்த்தேன்.

நான் ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நம்பிக்கை இல்லாத விஷயத்துக்குக் கொடுத்த வாக்குதான், இருந்தாலும் வாக்கு. அதனால் நானாக எதையும் எழுத முடியாது. நீ என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. ஜூன் மாதத்திலிருந்து பாக்கி. மூன்றே வார்த்தை. தந்தி கொடுத்தால்கூட அதிகம் ஆகாது. கேள், பதில் சொல்கிறேன். இல்லாவிட்டால் கேட்காமலே கிளம்பி வா. யாத்திரை, மலர், கம்பெனி எல்லாவற்றையும் வைத்துவிட்டு வா.

சந்திரகலா என்ன கேட்கச் சொன்னாள் என்று ஞாபகப்படுத்திக்கொள்.

குணமதி

* * *

பம்பாய்
7-10-1981

அன்புள்ள அக்காவுக்கு,

உன் விரைவுத் தபால் வந்தபோது நான் நாசிக் போயிருந்தேன். இன்றுதான் பார்த்தேன்.

நீ சொல்லும் கேள்வி எனக்குப் புரிந்துவிட்டது. கேட்காமல் விட்டது என் தவறுதான். கட்டுரையில் உன் பெயரைப் போடலாமா என்று உன்னிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும். நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. தாராளமாகப் போடுகிறோம், எம்.ஏ. பட்டத்தோடு. 'பார்த்தேன்' என்று எழுதியிருப்பதால், அந்தப் பகுதியைக் குகையில் நீ நேரில் ஆராய்ந்து எழுதியது என்று குறிப்பிட்டுவிடுகிறேன். யாருக்கு வாக்குக் கொடுத்தாய் என்று விளங்கவில்லை, கல்லூரி விவகாரமாக இருக்கும்.

கோபித்துக்கொள்ளாதே. தீபாவளிக்குப் பிள்ளைகள் போட்டோ அனுப்புகிறேன்.

அனந்தன்

* * *

பம்பாய்
20-2-1982

அன்புள்ள அண்ணிக்குச் சந்திரகலா வணக்கத்துடன் எழுதுவது. நான் உங்களுக்குத் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் மன்னிக்கவும். நீங்கள் சுகமா? அக்டோபருக்குப் பிறகு அவருக்கு எழுதிய கடிதங்களில் பச்சையம்மாள் என்று எழுதியிருந்தீர்களே, அவர்கள் சுகமா?

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி மாமா காலமான செய்தியோடு உங்கள் தந்தி வந்தது. அவர் ரயில் பிடித்து வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அங்கே அவர் ஏரிக்கரையில் மதகுக் கல்லில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இங்கே வந்தபின் ஒரே ஒரு தடவை, "சொந்த அப்பன் சாகறான், எனக்குக் கல்லைப் பத்தி எழுதிக்கிட்டு இருந்தா" என்றார். உங்கள் கடிதங்களை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். படித்தாரா தெரியாது. மறுநாள் அவை மேசையில் இல்லை. யாத்திரைக்கும் அவர் போகவில்லை.

குன்றைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தை நான் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது அண்ணி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன சாமியார் முருங்கைக்குப் பூச்சி வந்ததா என்று கேட்பாரா? "மாமா எப்படி இருக்காங்கன்னு ஒரு வரி கேளுங்க" என்று அவரிடம் சொன்னேன். "அக்கா ஆராய்ச்சிக்காரி, அப்படித்தான் எழுதுவா" என்றார். அவருக்குப் புரியாமல் இருந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன். கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ. நானே உங்களுக்கு எழுதியிருக்கலாம். அந்த வீட்டுக்கு எழுத எனக்கு என்ன உரிமை என்று நினைத்துவிட்டேன். அட்டையில் ஒரு வரி எழுதியதுகூட அவருக்குத் தெரியாமல்தான்.

அந்த வரி பொய். மலரில் நீங்கள் எழுதிய மதகைப் படித்தேன். அன்றைக்கு ராத்திரி நாங்கள் விடியும்வரை உட்கார்ந்திருந்தது அந்தக் கல்லில்தான். கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கின வேர்க்கடலை கொஞ்சம் மடியில் இருந்தது. அதைத்தான் இரண்டு பேரும் தின்றோம். அப்போது பெரியவன் எனக்கு வயிற்றில். அந்தப் பசி எனக்கு ஒரு நாளும் மறந்ததில்லை. ஆனால் சாகிற மனுஷன் கேட்கும்போது வேறென்ன எழுதுவது?

மாமா அட்டையைப் பார்த்தாரா? பார்த்து என்ன சொன்னார்? உங்கள் தம்பி கேட்க மாட்டார். அதனால் நான் கேட்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சந்திரகலா

* * *

அறவேரி
7-3-1982

அன்புள்ள சந்திரகலாவுக்கு,

நான் சுகம். பச்சையம்மாளும் சுகம். நீ விசாரித்ததைச் சொன்னேன். 'பம்பாய்க்காரம்மாவுக்கு என்னைத் தெரியுமா' என்று இரண்டு முறை கேட்டாள்.

நீ கேட்டதற்குப் பதில். பார்த்தார். உன் எழுத்து என்று தெரிந்துகொண்டார். அனந்தன் அதைப் பார்த்திருக்க மாட்டான் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பாக்கி உனக்குத்தான் அதிகம், நீ தீர்த்துவிட்டாய் என்று எனக்கு எழுதினார். மறுநாளிலிருந்து மோரை விட்டார். ஒரு வாரம் வெந்நீர் மட்டும். அதுவும் பிறகு இல்லை. வலி இருந்தது. இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். அட்டை கடைசி வரை தலைமாட்டில் இருந்தது. நீ எழுதியது பொய் என்று அவர் அறிந்திருந்தாரா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதுவதில்லை.

நீ அந்த வரியை எழுதாமல் இருந்திருந்தால் அவர் இன்னும் சில வாரம் இருந்திருப்பார். மோரோடும் கோபத்தோடும். அதை உன் மேல் போட்டுக்கொள்ளாதே. நான் வாக்கை மீறியிருந்தால் உன் கணவன் அவரைப் பார்த்திருப்பான். அதை நான் யார் மேலும் போடவில்லை.

ஜனவரியில் உங்கள் சங்கத்து பஸ் வந்தது. கையில் மலரை விரித்து வைத்துக்கொண்டு இறங்கினார்கள். மழை நன்றாகப் பெய்திருந்ததால் கலங்கல் வழிந்தது, கொக்கும் வந்திருந்தது. நான் எழுதியது எல்லாம் எழுதியபடியே இருப்பதில் அவர்களுக்கு மகிழ்ச்சி. அவர்களை மதகுக்கும் குன்றுக்கும் அழைத்துப் போனேன். குகையில் கல் படுக்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், பம்பாயில் பிறந்தவள், என்னிடம் தயங்கிக்கொண்டே கேட்டாள்: "இப்பவும் யாராவது இந்த மாதிரி செய்யறாங்களா?" கேட்டாள். அதனால் சொன்னேன். அத்தனை பேரும் பாறையில் உட்கார்ந்து கேட்டார்கள். யாரென்று பெயர் சொல்லவில்லை.

இப்போது ஏரி வற்றத் தொடங்கிவிட்டது. கொக்குகள் போய்விட்டன. சனி, ஞாயிறு நான் இங்கேதான் இருக்கிறேன். பகலில் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்துகிறேன். முருங்கைக்குப் பூச்சி வந்துவிட்டது, மரத்தை வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

அனந்தனுக்கு நான் எழுதிய மூன்று கடிதத்துக்குப் பதில் இல்லை. இனி எழுத மாட்டேன். அவன் வருவான் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இங்கே வர யாரும் யாருக்கும் அனுமதி தர வேண்டியதில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து கடைசி பஸ் இப்போதும் இருட்டிய பிறகுதான் வந்து சேருகிறது. சனிக்கிழமை ராத்திரி அந்தச் சத்தம் கேட்டதும் பச்சையம்மாள் எழுந்து உலை வைக்கிறாள். நான் சொல்லித்தான். முதல் தடவை, "யாருக்குங்க?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். இப்போது கேட்பதில்லை. ஒருவரும் இறங்காவிட்டால் அந்தச் சோற்றில் தண்ணீர் ஊற்றி, விடியற்காலையில் அவள் எடுத்துப் போய்விடுகிறாள்.

உன் உடம்பையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்.

குணமதி